அண்ணன் விரலில் மாட்டிய மிஷின்

எங்கள் தெருவில் எனக்கு வைத்த பெயர் கொசு. காலை ஆறு மணிக்கு வண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? டீக்கடையில் என்னைக் கண்டதும் யாராவது ஒருவர் முழங்கையை மூடிக்கொள்வார். "கொசு வந்துட்ச்சி, சட்டைய எறக்கி விடுங்கபா" என்பார். நானும் சிரிப்பேன். அண்ணன் மட்டும் சிரிக்கமாட்டார். "அவன் படிச்ச படிப்புக்கு உன் ஒடம்புல ஓட்றது ரத்தமா சரக்கான்னு பாத்ததும் சொல்லிடுவான், தெரியுமா?" என்று சண்டைக்கு நிற்பார்.

நான் படித்தது பி.எஸ்சி. பயோமெடிக்கல் சயின்ஸ். மருத்துவ நுழைவுத் தேர்வில் எனக்கு வந்த மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு, அண்ணன்தான் என்னை அந்தக் கல்லூரிக்குக் கூட்டிப் போனார். சேர்க்கை அறையில் இருந்தவர் ஒரு வழவழப்பான புத்தகத்தை விரித்துக் காட்டினார். அண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. படங்களைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுல வெள்ளக் கோட் போடுவாங்களா சார்?"

"கண்டிப்பா போடுவாங்க."

அவர் பொய் சொல்லவில்லை. மூன்று வருடமும் ஆய்வகத்தில் வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டுதான் நின்றோம்.

எங்கள் அப்பா மாகறல் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். அவரும் அம்மாவும் போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். எனக்கும் அவருக்கும் பதினாலு வயது வித்தியாசம். பிள்ளையார்பாளையத்தில் ஒரு சாயப்பட்டறையில் வேலை. கொதிக்கும் தொட்டியின் மேல் மூங்கில் கழிகளில் பட்டு நூல் கட்டுகளைத் தொங்கவிட்டு, சாயம் ஒரே சீராகப் பிடிக்கும்வரை கையால் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கையுறை போட்டால் நூலின் பதம் தெரியாது என்பார்கள். அதனால் அண்ணன் கை எப்போதும் ஏதாவது ஒரு நிறத்தில் இருக்கும். இந்த வாரம் அரக்கு, அடுத்த வாரம் கத்திரிப்பூ. பள்ளிக்கூடத்தில் என்னைக் கூப்பிட வரும்போது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். எங்கள் வீட்டில் இருக்கும் எந்தப் படத்திலும் அவர் கை இல்லை.

படிப்பு முடிந்ததும்தான் தெரிந்தது, நாங்கள் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, லேப் டெக்னீஷியனும் இல்லை என்று. லேபுக்குப் போனால் "டி.எம்.எல்.டி. முடிச்சிருக்கியா?" என்றார்கள். டிப்ளமோ படித்தவனுக்கு வேலை இருந்தது, டிகிரி படித்த எனக்கு இல்லை. உடன் படித்தவர்கள் ஆளுக்கொரு திசையில் போனார்கள். ஒருத்தி ஆஸ்பத்திரி இன்சூரன்ஸ் மேஜையில் உட்கார்ந்தாள். ஒருவன் கழுத்தில் டை கட்டிக்கொண்டு மருந்துக் கம்பெனிப் பையோடு டாக்டர் அறை வாசல்களில் காத்திருந்தான். இன்னொருத்தி பெங்களூரில் புது மருந்துச் சோதனைக்கு வரும் நோயாளிகளிடம் கையெழுத்து வாங்கினாள். ஒருவன் ஆஸ்பத்திரிக் கழிவு அள்ளும் லாரிக்கு மேற்பார்வையாளன். மஞ்சள் பையா சிவப்புப் பையா என்று பார்ப்பது அவன் வேலை. "நாலு பேர்ல நாந்தான்டா ஆஸ்பத்திரில எல்லா வார்டுக்கும் போறேன்" என்பான். மற்ற முக்கால்வாசிப் பேர் சென்னையில் மெடிக்கல் கோடிங். நான் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று ஒரு ரத்தப் பரிசோதனை மையத்தில் வீடுகளுக்குப் போய் ரத்தம் எடுக்கும் வேலையைப் பிடித்தேன். அண்ணன் ஊரெல்லாம் சொன்னது வேறு. "எந்தம்பி பாதி டாக்டரு."

என் பையில் ஊசி, குப்பிகளோடு, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று விரலில் மாட்டிப் பார்க்கும் ஆக்சிமீட்டரும் இருக்கும். அந்த மிஷினுக்கும் சாயத்தெருவுக்கும் பழைய பகை. கொரோனா சமயத்தில், நான் பள்ளியில் படிக்கும்போது, வீடு வீடாக வந்து விரலில் மாட்டிப் பார்த்தார்கள். சாயப்பட்டறை ஆட்களுக்கு எண்பத்தைந்து, எண்பத்தேழு என்று காட்டியது. மூன்று பேரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டில் ஒப்பாரியே வைத்துவிட்டார்கள். முகாமில் காதில் மாட்டிப் பார்த்தால் மூன்று பேருக்கும் தொண்ணூற்றெட்டு. மறுநாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தெருவில் அது ஒரு வேடிக்கை. "அது மூச்சப் பாக்கற மிஷின் இல்லபா, சாயத்தப் பாத்து பயப்படற மிஷினு."

தை மாதம். கல்யாண ஆர்டர்கள் குவிந்திருந்த நேரம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு உட்காரும்போது அண்ணி சொன்னார்:

"தம்பி, உங்கண்ணன் பட்டறைக்கிப் போறதுக்குள்ள ரெண்டு எடத்துல சைக்கிள நிறுத்திட்டு நிக்கிறாராம். பட்டறை மிஸ்திரி சொல்றாரு. இன்னான்னு பாருங்க."

"டயர்ல காத்து நிக்கல" என்றார் அண்ணன்.

"டயர்லயா, உன் நெஞ்சிலயா?" என்றார் அண்ணி.

நான் எழுந்து போய் ஆக்சிமீட்டரை எடுத்து வந்தேன். அந்த வாரம் பட்டறையில் மயில்கழுத்து நிறம் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் கை மணிக்கட்டு வரை நீலமும் பச்சையுமாக இருந்தது. ஆட்காட்டி விரலில் மாட்டினேன். எண்பத்தாறு. நடுவிரலில் எண்பத்துநாலு. மோதிர விரலில் எண்பத்தேழு.

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு இப்போதும் கேட்கிறது.

"ஒண்ணும் இல்லண்ணா. இதுக்குள்ள ரெண்டு வெளிச்சம் இருக்குது. ஒண்ணு செவப்பு, ஒண்ணு கண்ணுக்குத் தெரியாதது. ரெண்டும் வெரல்ல பூந்து அந்தப் பக்கம் வரணும். எவ்ளோ வருதுன்னு வெச்சிதான் நம்பர் சொல்லும். உன் வெரல்ல இருக்கற நீலம் செவப்பு வெளிச்சத்தக் குடிச்சிடுது. இது உன் மூச்சுக்குக் காட்ற நம்பர் இல்ல, சாயத்துக்குக் காட்ற நம்பர்."

அண்ணன் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். "கேட்டுக்கினியா?" என்றார். முகம் முழுக்கப் பெருமை.

நான் சொன்ன விளக்கத்தில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியும் எனக்குத் தெரியும். விரலில் சாயமோ மருதாணியோ இருந்தால் காது மடலில் பார்க்க வேண்டும். எங்களுக்கு அது தேர்வில் வந்த இரண்டு மதிப்பெண் கேள்வி. எழுதி இரண்டும் வாங்கினேன். தெருவுக்கே தெரிந்த கதையிலும் காதுதான் உண்மையைச் சொன்னது. அண்ணனின் காது, சாயம் படாத காது, என் கைக்கு ஒரு சாண் தள்ளி இருந்தது. விரலில் மாட்டுகிற மிஷின் காதில் சரியாக நிற்காதுதான். லேபில் காதுக்கு மாட்டுகிறது ஒன்று இருந்தது, கேட்டால் கொடுத்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. அவசரம் என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை, அன்று ஞாயிற்றுக்கிழமை. யோசித்துப் பார்த்தால், எனக்கு அன்று இருந்தது சந்தோஷம்தான். நான் படித்த படிப்பில் அண்ணனின் வேலையைப் பற்றி ஒரு வரி இருந்தது. அதை அவருக்கு எடுத்துச் சொல்ல எனக்கு அதுவரை வாய்ப்புக் கிடைத்ததில்லை. சொல்லி முடித்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைத்துவிட்டேன்.

மறுநாள் பட்டறையில் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்டது. டீக்கடையில் ஒருவர் என்னிடம் வந்து, "கொசு, இன்னாபா, நீலம் செவப்பக் குடிச்சிடுமாமே?" என்று கேட்டார். கேலிதான், ஆனால் கொஞ்சம் மரியாதையும் இருந்தது.

அதற்குப் பிறகு பத்து மாதம். அண்ணனுக்கு வறட்டு இருமல் வந்தது. அண்ணி ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "அதான் தம்பி பாத்துட்டான்ல?" என்பார். மருந்துக் கடையில் இருமல் மருந்து வாங்கிக் குடித்தார். பட்டறை மிஸ்திரி அவரைத் தொட்டியிலிருந்து எடுத்துவிட்டு, நூல் காயப்போடும் இடத்துக்கு மாற்றினார். "உங்கண்ணன் இப்பல்லாம் மாப்ள மாதிரி நெழல்ல ஒக்காந்துக்கினு இருக்காருபா" என்று என்னிடம் சொன்னார். நான் அதைப் பதவி உயர்வு என்று எடுத்துக்கொண்டேன். காய்ந்த நூலை உதறி அடுக்கும்போதும் கையில் நிறம் ஒட்டத்தான் செய்தது. அதனால் யாரும் எதையும் கவனிக்கவில்லை. தினம் காலையில் ஐயம்பேட்டை வரை போய் யார் யார் விரலிலோ மிஷினை மாட்டினேன். என் வீட்டில் இரண்டாவது முறை மாட்டவில்லை.

கார்த்திகையில் கல்லூரியிலிருந்து பட்டமளிப்பு விழாவுக்குக் கடிதம் வந்தது. ஒரு மாணவருக்கு இரண்டு பேர் உடன் வரலாம். அண்ணன் கடிதத்தை வாங்கி, தலைகீழாகவா நேராகவா என்று என் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு, வெகுநேரம் பிடித்திருந்தார். பிறகு பட்டறைக்குப் பதினைந்து நாள் வரமுடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சாயக்காரர்கள் பெண் பார்க்கப் போகும்போதுதான் இப்படிச் செய்வார்கள். பத்துப் பதினைந்து நாள் தொட்டிப் பக்கமே போகாமல், ப்ளீச்சிங் பவுடரும் எலுமிச்சம்பழமும் வைத்துக் கையைத் தேய்த்துத் தேய்த்து நிறத்தை எடுப்பார்கள். வெளுத்த கையோடு போய்த் தட்டை நீட்டினால்தான் பெண் வீட்டில் மதிப்பு. அண்ணன் காலையும் மாலையும் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்து செங்கல் துண்டால் நகத்தைத் தேய்த்தார். இடையிடையே தேய்ப்பதை நிறுத்திவிட்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

"என்னப் பாக்க வந்தப்பகூட இவ்ளோ தேய்க்கல" என்றார் அண்ணி.

"உன்னப் பாக்கறதுக்கு இது போதும்னு விட்டுட்டேன்."

விழா அன்று நாங்கள் கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டு கீழே வரிசையில் உட்கார்ந்தோம். குடும்பத்தாருக்கு மாடியில் இடம். இரண்டு அடுக்கு படிக்கட்டு. நான் மேடை ஏறி, சான்றிதழை வாங்கிக்கொண்டு, மாடியைப் பார்த்துக் கையைத் தூக்கினேன். எந்த முகம் எங்கே என்று தெரியவில்லை. இருந்தாலும் சிரித்துக்கொண்டே இறங்கினேன்.

வெளியே வந்தபோது இருவரும் வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்கள்.

"மேலேந்து நல்லா தெரிஞ்சிதாண்ணா?"

"நல்லா பாத்தேன்டா. கலெக்டராட்டம் நடந்து வந்த" என்றார்.

அண்ணி குனிந்து புடவை மடிப்பைச் சரிசெய்தார். படிக்கட்டு திரும்பும் இடத்திலேயே அண்ணன் உட்கார்ந்துவிட்டார் என்பதும், என் பெயரை ஒலிபெருக்கியில் கேட்டு அங்கிருந்தே கைதட்டினார் என்பதும் பிறகு அண்ணி சொல்லித்தான் தெரியும்.

படம் எடுப்பவர் எங்களை நிற்கவைத்தார். "அண்ணே, கையப் பின்னாடி கட்டாதீங்க. தம்பி தோள்மேல போடுங்க." அண்ணன் தயங்கி, தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டு, என் தோளில் வைத்தார். கறுப்பு அங்கியின் மேல் அந்தக் கை அவ்வளவு சுத்தமாக இருந்தது. தோல் உரிந்து, வெளுத்து, ரேகைகள் தெரிந்தன. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் கையின் சொந்த நிறத்தைப் பார்த்தேன்.

நகங்கள் மட்டும் நீலமாக இருந்தன.

சாயத்தின் நீலம் எனக்குத் தெரியும். அது நகத்தின் மேலே, ஓரத்தில், சதை சேரும் இடுக்கில் திட்டுத்திட்டாக நிற்கும். இது நகத்துக்கு அடியிலிருந்து வந்தது. பத்து விரலிலும் ஒரே மாதிரி. விரல் நுனிகள்கூட உருண்டு பருத்திருந்தன. உதட்டைப் பார்த்தேன். அங்கேயும் அதே நிறம். உதட்டில் யார் சாயம் போடுவார்கள்?

"சிரிங்க தம்பி" என்றார் படம் எடுப்பவர்.

வண்டிப் பெட்டியிலிருந்த பையிலிருந்து மிஷினை எடுத்து வந்து அண்ணனின் விரலில் மாட்டினேன். எண்பத்திரண்டு என்று நின்றது.

அண்ணனுக்கு எழுத்து தெரியாதே தவிர எண் தெரியும். பார்த்துவிட்டு, விரலை மிஷினிலிருந்து உருவி, புது வேட்டி ஓரத்தில் அழுத்தித் தேய்த்தார்.

"இன்னும் போவலியாடா?" என்றார். "குழாய் எங்க இருக்குது? கழுவிட்டு வரட்டுமா?"

அங்கியைக் கழற்றிக் கொடுக்கக்கூட நிற்கவில்லை. அன்று சாயங்காலமே பெரிய ஆஸ்பத்திரி, அங்கிருந்து மறுநாள் சென்னை. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிய டாக்டருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கலாம். நுரையீரலில் தழும்பு விழுந்து, தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இறுகிப் போயிருக்கிறது என்றார். காரணம் புகையா, பட்டறை ஆவியா, ரசாயனமா, ஒன்றும் இல்லாமலேயே வந்ததா, இனிமேல் சொல்வது கடினம் என்றார்.

"எவ்வளவு நாளா மூச்சு வாங்குது?"

"ஒரு மாசமா சார்" என்றார் அண்ணன் சட்டென்று. என் பக்கம் திரும்பவே இல்லை.

"பத்து மாசம்" என்றேன் நான்.

டாக்டர் என்னைப் பார்த்தார். "நீங்க என்ன பண்றீங்க?"

"பயோமெடிக்கல் சயின்ஸ் படிச்சிருக்கேன்."

"அப்ப உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே" என்றார். திட்டவில்லை. நோயை விளக்கும் வேலை மிச்சம் என்ற அர்த்தத்தில்தான் சொன்னார்.

அண்ணனை வெளியே உட்காரவைத்துவிட்டுத் திரும்பிப் போய்க் கேட்டேன், முன்னாலேயே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று. "மருந்து இதை நிறுத்தாது, மெதுவாக்கும். எந்த நாள் ஆரம்பிக்கிறோமோ அந்த நாள்லேர்ந்து மெதுவாகும். அவ்வளவுதான்" என்றார். அந்தப் பத்து மாதத்தை நான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் அது அதே அளவுதான் இருக்கிறது.

திரும்பி வரும் பஸ்ஸில் அண்ணனிடம் சொன்னேன். "தை மாசம் மாட்டினப்பவே அது சரியாத்தான் காட்டியிருக்கும்ணா. காதுல பாத்திருக்கணும். எனக்குத் தெரியும். நாந்தான் பாக்கல."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப கையில சாயம் இருந்திச்சா இல்லியா?"

"இருந்திச்சி."

"அப்ப நீ சொன்னது சரிதான்" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவிடவில்லை. இன்றுவரை.

தெருவில் அவர் சொல்லிவைத்திருப்பது, தம்பிதான் கண்டுபிடித்தான், பட்டம் வாங்கிய அன்றைக்கே கண்டுபிடித்தான் என்று. அதனால் சாயக்காரர்கள் முன்பைவிட அதிகமாக என் வண்டியை நிறுத்தினார்கள். நீலமும் சிவப்புமான கைகளை நீட்டினார்கள். "கொசு, பாருபா, எனக்கும் மூச்சு எளைக்குது. சாயம்தானே? சாயம்தான்னு சொல்லிடேன்." நான் லேபிலிருந்து காதில் மாட்டுவதைக் கேட்டு வாங்கி வைத்திருந்தேன். அதில் தொண்ணூற்றெட்டு காட்டினாலும் என் வாயிலிருந்து "ஒண்ணும் இல்ல" என்ற சொல் வரவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டுங்க" என்றேன். "அத சொல்றதுக்கு நீ எதுக்குப்பா படிச்ச?" என்று ஒருவர் கேட்டார். இரண்டு மாதம் தாக்குப்பிடித்தேன். பிறகு சென்னைக்கு வந்து, மற்ற முக்கால்வாசிப் பேரோடு நானும் மெடிக்கல் கோடிங்கில் சேர்ந்துவிட்டேன்.

இங்கே கைகள் இல்லை. திரையில் அமெரிக்காவில் யாருக்கோ வந்த நோயின் குறிப்பு வரும். படித்து, அதற்குரிய எண்ணைப் போட வேண்டும். மூச்சிரைப்புக்கு ஓர் எண் உண்டு. வீட்டில் ஆக்சிஜனை நம்பி இருப்பவருக்குத் தனியாக ஓர் எண் உண்டு. முதல் வாரப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்தார்கள்: டாக்டர் எழுதாததை நீயாக ஊகித்துப் போடாதே. எனக்கு அந்த விதி பிடித்துவிட்டது.

போன வாரம் என் கல்லூரியில் படிக்கும் ஒரு பெண் போன் செய்தாள். அவள் வீட்டிலும் அவள்தான் முதல் படிப்பு. "அண்ணா, இந்த கோர்ஸ் முடிச்சா என்ன வேலைக்குப் போலாம்?" என்றாள். இன்சூரன்ஸ் மேஜை, மருந்துக் கம்பெனி, மருந்துச் சோதனை, கழிவு மேலாண்மை, கோடிங், எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னேன். ரத்தம் எடுக்கும் வேலையையும் சொன்னேன். "வீட்டுக்கு வீடு போற வேலைன்னா, நம்ம ஜனங்ககூடவே இருக்கலாம்ல அண்ணா?" என்றாள். இருக்கலாம் என்றேன். அவர்கள் உன்னை டாக்டர் என்றே நினைப்பார்கள், நீயும் ஒருநாள் நினைத்துவிடுவாய் என்று வாய் வரை வந்தது. அவளுக்கு வகுப்புக்கு மணி அடித்துவிட்டது.

அண்ணன் இப்போது வேலைக்குப் போவதில்லை. வீட்டில் ஆக்சிஜன் மிஷின் ஓடுகிறது. மூக்கில் மாட்டிய குழாய் வாசற்படி வரைக்கும்தான் எட்டும். அங்கே நாற்காலி போட்டு உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். கரண்ட் போனால் அண்ணி விசிறியோடு ஓடிவந்து, விசிறியால் ஆகாது என்று தெரிந்தும் விசிறுகிறார். பட்டறைக்குப் போகாததால் கைகள் வெளுத்தே இருக்கின்றன. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

தினமும் சாயங்காலம் டீ இடைவேளையில் போன் செய்து நம்பர் கேட்பேன். "தொண்ணூத்திரண்டு" என்பார். மறுநாளும் தொண்ணூற்றிரண்டு. அதற்கு மறுநாளும். மனித உடம்பில் எந்த நம்பரும் அப்படித் தினமும் ஒரே இடத்தில் நிற்காது என்பது எனக்குத் தெரியும். போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அண்ணி என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டுச் சொன்னார்:

"உங்கண்ணன் போன்ல சொல்றத நம்பாதீங்க தம்பி. எம்பத்தஞ்சி, எம்பத்தாறுதான் வருது. சொன்னா நீங்க அங்க வேல பாக்க மாட்டீங்கன்னு சொல்றாரு. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

நேற்றும் கேட்டேன். பின்னால் மிஷின் இரையும் சத்தம் கேட்டது. இரண்டு மூச்சு இழுத்துவிட்டுச் சொன்னார்.

"இன்னிக்கி தொண்ணூத்திமூணுடா. ஒண்ணு ஏறியிருக்குது."

"நல்லாருக்குண்ணா" என்றேன்.

"நீ போய் வேலயப் பாரு" என்றார். போனேன்.